யாரை உட்கார வைப்பது?

விமரிசகர்களில் இரண்டு வகை உண்டு. நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவர்கள் ஒரு வகை. நடப்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, நடந்த பிறகு அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. கதை, நாவல், நாடகம், சினிமா பற்றி எழுதுகிற நாங்கள் எல்லோரும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். புத்தகம் அச்சாகி, கடைக்கு வந்து, விற்றோ விற்காமலோ போன பிறகுதான் எங்கள் பேனா திறக்கும். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

இரண்டாவது வகையினரை இலக்கியக் கூட்டங்களில் பார்க்க முடியாது. டீக்கடைப் பெஞ்சுகளிலும், பள்ளிக்கூட மைதானத்து மதில் மேலும், ரயிலில் கதவோரத்திலும் பார்க்கலாம். நாளைக்குப் பெரிய ஆட்டம். தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர்கள் நடத்துகிற வாதத்தைப் போலச் சுறுசுறுப்பான விமரிசனம் இன்று தமிழில் வேறெங்கும் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த விமரிசனத்தைத்தான் இங்கே விமரிசிக்கப் போகிறேன். அதே விஷயத்தைக் கதையாக எடுத்துக்கொண்ட ஒரு சினிமாவையும் கூடவே பார்க்கலாம்.

'உட்கார வைப்பது' என்ற சொல்லையே முதலில் கவனியுங்கள். வீட்டுக்கு வந்த பெரியவரை உட்கார வைத்தால் அது மரியாதை. ஆட்டக்காரனை உட்கார வைத்தால் அது அவமானம். கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காதவன் கோபித்துக்கொள்கிறான். கால்பந்து மைதானத்தில் நாற்காலி கிடைத்தவன் கோபித்துக்கொள்கிறான். ஒரே சொல்லுக்குள் மரியாதையும் அவமானமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் இந்த வாதம் வெறும் ஆட்டக் கணக்காக நிற்காமல் மனிதர்களைப் பற்றிய வாதமாக மாறிவிடுகிறது.

2022 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரத்து மலையின் உச்சியில், மகாதீபம் ஏற்றியாகிவிட்டது. கொரோனாக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு வந்த தீபம் அது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் மனிதத் தலைகளாகவே இருந்தது. அதே இரவில் கத்தார் நாட்டில் உலகக் கோப்பையின் நாக் அவுட் ஆட்டம். போர்ச்சுகலும் ஸ்விட்ஸர்லாந்தும் மோதுகின்றன. நம் கடிகாரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. சாயங்காலமே நடக்க ஆரம்பித்தால் மலையையும் சுற்றிவிடலாம், ஆட்டத்தையும் விடாமல் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்த இளைஞர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர்.

குபேர லிங்கத்துக்கு அப்பால் ஒரு டீக்கடையில் அப்படி ஒரு கோஷ்டியைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, கையில் செருப்பு, இன்னொரு கையில் கைப்பேசி. ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இறங்கப்போகும் பதினொரு பேரின் பெயர்கள் அப்போதுதான் வந்தன.

"டேய், ரொனால்டோ இல்லடா!"

"சும்மா இருடா. பேரைச் சரியாப் பாரு."

"பார்த்துட்டேன். ராமோஸுன்னு ஒருத்தனைப் போட்டிருக்காங்க."

போர்ச்சுகலின் சிவப்புச் சட்டை போட்டிருந்த பையன் டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டான். ஒருவன் சொன்னான்: "முப்பத்தேழு வயசு ஆயிடுச்சு. முன்ன மாதிரி ஓட முடியல. விடுடா." சிவப்புச் சட்டை சீறியது: "ஓட வேணாம்டா. அவர் சும்மா நின்னாலே ரெண்டு பேர் அவரைச் சுத்தி நிப்பானுங்க. மத்தவனுக்கு வழி கிடைக்கும்." மூன்றாமவன்: "போன மேட்ச்ல கொரியாகிட்ட ஆடுறப்ப வெளியில கூப்பிட்டாங்கன்னு மூஞ்சைக் காட்டினாரே, அதுக்குத்தான் இது." பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் போலத் தோற்றமளித்த ஒருவர் பக்கத்திலிருந்து குறுக்கிட்டார்: "அஞ்சு உலகக் கோப்பை ஆடிட்டார். நாக் அவுட்டுல இதுவரைக்கும் ஒரு கோல் போட்டிருக்காரா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்க தம்பி." கடைசியாக, அதுவரை வாயே திறக்காமல் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்: "இத்தினி வருஷம் ஜெயிச்சுக் குடுத்த மனுஷன். இன்னைக்கு வேணாம், போய் உட்காருன்னா எப்படிங்க?"

வாசகர்கள் இந்த ஐந்து பேச்சையும் மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, உடம்பைப் பார்க்கிறது. இரண்டாவது, உபயோகத்தை. மூன்றாவது, ஒழுங்கை. நான்காவது, கணக்கை. ஐந்தாவது, நன்றியை. ஐந்து நிமிஷத்தில் ஐந்து அளவுகோல்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லவில்லை. டிரில் மாஸ்டர் சொன்ன கணக்கும் சரிதான். உலகக் கோப்பையில் அதுவரை ரொனால்டோ அடித்த எட்டுக் கோல்களும் முதல் சுற்றில் அடித்தவை. ஒரு நாவலைப் பற்றி இத்தனை பக்கங்களிலிருந்து இத்தனை சிக்கனமாகப் பேசிய கூட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இதுவரை புகழ்ச்சி. இனிமேல்தான் விமரிசனம்.

அன்று இரவு போர்ச்சுகல் ஆறுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அந்த 'ராமோஸுன்னு ஒருத்தன்', இருபத்தொரு வயசுக் கொன்சாலோ ராமோஸ், தன் நாட்டுக்காக முதல் பதினொருவரில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டான். அந்த உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அது. மறுநாள் முதல் வாதமே இல்லை. பயிற்சியாளர் பெர்னாண்டோ சாண்டோஸ் மேதையாகிவிட்டார். சிவப்புச் சட்டைகள் வாய் திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து, 10-ஆம் தேதி சனிக்கிழமை, கால் இறுதியில் மொராக்கோவுக்கு எதிராகவும் ரொனால்டோவை உட்கார வைத்தே ஆட்டத்தைத் தொடங்கினார். 42-வது நிமிஷத்தில் மொராக்கோ ஒரு கோல் போட்டது. 51-வது நிமிஷத்தில் ரொனால்டோ இறங்கினார். பலன் இல்லை. போர்ச்சுகல் ஊருக்குத் திரும்பியது. உடனே சாண்டோஸ் முட்டாளாகிவிட்டார். 15-ஆம் தேதி அவருடைய பதவியும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மேதை, சனிக்கிழமை முட்டாள். முடிவு ஒன்றுதான், அதே மனிதர், அதே காரணங்கள், அதே ராமோஸ். மாறியது ஆட்டத்தின் பலன் மட்டும். ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொண்டு அவ்வளவு அழகாக அளந்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் ஐந்தையும் ஒடித்துப் போட்டுவிட்டு, பலன் என்ற ஒரே குச்சியை எடுத்துக்கொள்கிறார்கள். இதுதான் நம் ரசிகர்கள் மேல் என்னுடைய பெரிய குற்றச்சாட்டு.

இதைத் திருவண்ணாமலையில் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. யார் பெரியவர் என்ற சண்டையிலிருந்து பிறந்த தலம் அது. பிரம்மாவும் விஷ்ணுவும் வாதாடி, ஒருவர் அடியைத் தேடிப் போனார், மற்றவர் முடியைத் தேடிப் போனார். முடியைக் காணாத பிரம்மா, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அது, 'இவர் கண்டார்' என்று சொல்லிற்று. ஆட்டத்தின் பலனும் அப்படிப்பட்ட தாழம்பூதான். மேலே இருந்து விழுந்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் யார் கண்டார், யார் காணவில்லை என்பதற்கு அது நம்பத்தகுந்த சாட்சி ஆகாது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போவதற்கும் வெளியே போவதற்கும் இடையில் ஓர் அங்குலம் இருக்கிறது. அந்த அங்குலத்தைப் பயிற்சியாளரின் புத்தியென்று எழுதிக்கொடுக்க முடியாது.

பின்னே எதை வைத்து மதிப்பிடுவது? முடிவெடுத்தவனுக்கு அந்த இரவில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான். தென் கொரியாவிடம் தோற்ற ஆட்டத்தில் ரொனால்டோவின் வேகம் குறைந்திருந்தது சாண்டோஸுக்குத் தெரியும். அவர் இல்லாமலும் தன் அணி ஜெயிக்கும் என்பதும் தெரியும். 2016-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ரொனால்டோ அடிபட்டு அழுதுகொண்டே வெளியேறிய பிறகு, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய எடர் என்பவர் கூடுதல் நேரத்தில் போட்ட கோலில் பிரான்ஸை வென்றபோதும் இதே சாண்டோஸ்தான் பயிற்சியாளர். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு அவர் எடுத்த முடிவு செவ்வாய்க்கிழமையும் நியாயம், சனிக்கிழமையும் நியாயம். நியாயமான முடிவுகளும் தோற்கும். அதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களுக்கு வாதம் எதற்கு? குறி கேட்கப் போகலாம்.

இனி அந்தச் சினிமா. 'மைதான்' 2024-இல் வந்த ஹிந்திப் படம். அமித் ஷர்மா இயக்கியது. ஏ. ஆர். ரஹ்மான் சங்கீதம். 1950 முதல் இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்த ஹைதராபாத்துக்காரர் சையத் அப்துல் ரஹீமின் வேஷத்தில் அஜய் தேவ்கன் நடித்திருக்கிறார். ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று அரை இறுதிக்குப் போன இந்திய அணி அவருடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அவருடைய அணிதான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை. ரஹீமும் 1963 ஜூனில் நுரையீரல் புற்றுநோயால் காலமாகிவிட்டார்.

படத்தில் ஆட்டக் காட்சிகள் பிரமாதம். கடைசிப் பகுதியில் பந்தோடு நாமும் ஓடுகிறோம். அஜய் தேவ்கனும் வசனத்தைக் குறைத்து, கண்ணாலும் இருமலாலும் நடித்திருக்கிறார். ஆனால் ஆள் தேர்வுக் கட்டங்களில் படம் எனக்குத் திருப்தி தரவில்லை. ரஹீமை எதிர்க்கிறவர்கள் எல்லோரையும் கெட்டவர்களாக்கிவிட்டார்கள். கறுவிக்கொண்டு திரிகிற ஒரு பத்திரிகைக்காரர், சூழ்ச்சி செய்கிற ஓர் அதிகாரி. அவர்கள் வாயைத் திறந்தாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது, இவர்கள் சொல்வது தப்பு என்று. எதிர்க்கட்சி வக்கீலுக்கு வில்லன் வேஷம் போட்டுவிட்டால், நம் வக்கீல் கேஸில் ஜெயிப்பதில் என்ன பெருமை?

நிஜத்தில் அந்த வாதத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெரிய கிளப்புகள் மூன்றும் கல்கத்தாவில் இருந்தன. ரஹீமோ, 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியை உருவாக்கியவர். தன் கையால் வளர்த்த பையன்கள் பக்கம் அவர் சாய்ந்துவிடுவாரோ என்று கல்கத்தா ரசிகன் ஒருவன் சந்தேகப்பட்டால், அவனை வில்லன் என்று சொல்வது நியாயமா? நம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் அவன் ஆறாவது அளவுகோலைக் கொண்டுவந்திருப்பான். அந்தச் சந்தேகத்தை நேராக நிறுத்தி, அதற்கு ரஹீம் என்ன பதில் வைத்திருந்தார் என்று காட்டியிருந்தால் அந்த மனிதர் இன்னும் ஒரு முழம் உயர்ந்திருப்பார்.

பதில் இருந்தது. ரஹீமின் சொந்த மகன் ஹகீமும் நல்ல ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் களம் இறங்கவில்லை. 1962 ஜகார்த்தா அணியில் அவர் பெயரே இல்லை. வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற மகனை, மைதானத்தில் உட்கார வைத்தவர் அந்தத் தகப்பன். இதைவிட எந்தச் சாட்சி வேண்டும்?

ஜகார்த்தாவின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட அதில் ஒரு நாவலுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோல்வி. அடுத்து தாய்லாந்தோடு ஆடும்போது, தற்காப்பின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து ஆறு தையல். தாய்லாந்தையும் ஜப்பானையும் ஜெயித்து நாக் அவுட்டுக்கு வந்தாயிற்று. அரை இறுதியில் தென் வியத்நாம். இப்போது சொல்லுங்கள், ஜர்னைலை என்ன செய்வது? உட்கார வைப்பது என்று எந்த டீக்கடையும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கும். ரஹீம் அவரை இறக்கினார். அதுவும் பின்னால் அல்ல, முன்னணியில், கோல் போடுகிற இடத்தில்! தலையில் தையல் போட்டவனை, தலையால் முட்ட வேண்டிய இடத்தில் நிறுத்துவதா என்று யார் கேட்டிருந்தாலும் அது நியாயமான கேள்விதான். ஜர்னைல் அரை இறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரி, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியா. அரங்கம் நிறைய ஜனங்கள். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போடுகிறார்கள். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத விஷயத்தில் இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி எழுப்பிய ஆட்சேபத்தால் வந்த கோபம் அது. கோலில் யாரை நிறுத்துவது? அங்கேதான் நம் தங்கராஜ் வருகிறார்.

பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடியவர். முன்னணி ஆட்டக்காரராக ஆரம்பித்துப் பிறகு கோல்காப்பாளராக மாறியவர். நெட்டை உருவம், உயரத்தில் வருகிற பந்தை மாங்காய் பறிப்பது போலப் பறித்துவிடுவார் என்று பெயர். ஆனால் ஜகார்த்தாவில் அவருக்கு ஜுரம். அந்த நாட்களில் கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். பர்மன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜுரத்திலிருந்து எழுந்த தங்கராஜா, ஜெயித்துக்கொண்டு வருகிற பர்மனா? கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள் என்று தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார் ரஹீம். 17-வது நிமிஷத்தில் பி. கே. பானர்ஜியும் 20-வது நிமிஷத்தில் ஜர்னைலும் கோல் போட்டார்கள். கடைசியில் கொரியா ஒன்றைத் திருப்பியது. இரண்டுக்கு ஒன்று. தங்கம்.

இப்போது நான் கேட்கிறேன்: பர்மன் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் இல்லை. ரஹீம் என்ன தப்பு செய்தார்? அவரும் ஒன்றும் இல்லை. தப்பே செய்யாத ஒருவரை, தப்பே செய்யாத இன்னொருவர் உட்கார வைக்க நேர்ந்ததே, அதுதான் கதை. ஒரு பக்கம் தர்மமும் இன்னொரு பக்கம் அதர்மமும் நின்று மோதினால் அது கதாகாலட்சேபம். இரண்டு பக்கமும் தர்மம் நின்றால்தான் நாவல். 'மைதான்' மூன்று மணி நேரம் ஓடுகிறது; அதில் பாதி நேரம் கெட்டவர்களைத் திட்டுவதில் கழிகிறது. உட்கார வைக்கப்பட்ட நல்லவர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு கால் மணியாவது கொடுத்திருக்கலாம்.

டீக்கடைக்காரர் சொன்ன வார்த்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 'ஜெயிச்சுக் குடுத்த மனுஷனை எப்படி உட்காரச் சொல்றது?' அதை வெறும் அசட்டுப் பாசம் என்று ஒதுக்கிவிட எனக்குத் துணிவில்லை. நன்றி இல்லாத ஊரில் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். ஆனால் நன்றியைச் செலுத்த வேண்டிய இடம் எது என்று யோசிக்க வேண்டும். பதினொரு இடம்தான் இருக்கிறது. அதில் ஒன்றை நன்றிக்காகக் கொடுத்தால், யாரோ ஒரு ராமோஸின் சோற்றிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறோம். அந்தப் பையனுக்கு ரசிகர் கூட்டம் கிடையாது. அவன் பெயரைக்கூட 'ராமோஸுன்னு ஒருத்தன்' என்றுதான் சொல்கிறோம். அன்று அந்தக் கடையில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ரொனால்டோவைப் பற்றியே பேசினார்கள். உட்காரப் போகிறவருக்காக அழ ஆள் இருந்தது. எழுந்து ஓடப் போகிறவனை யாரும் கவனிக்கவில்லை.

இது கால்பந்தோடு போகிற விஷயமும் அல்ல. 'சிறந்த சிறுகதைகள்' என்று தொகுப்புப் போடுகிறவர்களைப் பாருங்கள். இருபது கதைக்குத்தான் இடம் என்றால், அதில் பதினைந்து பெயர் பார்ப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன் நன்றாக எழுதியவரின் சாதாரணக் கதை உள்ளே வருகிறது. போன வருஷம் அற்புதமாக எழுதிய புதிய பெண்ணின் கதைக்கு 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று பதில் போகிறது. வீட்டிலும் ஆபீஸிலும் சபாக்களிலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு மாலை போடுவோம், மேடை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம். அதெல்லாம் அவர்களுக்குச் சேர வேண்டிய கடன். அந்தக் கடனை இளைஞனின் முறையைப் பிடுங்கித் தீர்க்கக் கூடாது.

ஆகவே ரசிகப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் சிறியதுதான். ஆட்டத்துக்கு முந்திய இரவில் நீங்கள் பேசுகிற பேச்சு உசத்தியானது, அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் அணியை ஒரு காகிதத்தில் எழுதி, காரணத்தையும் பக்கத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். பலன் எப்படியானாலும் காரணம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், தோற்றிருந்தாலும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். நிற்காவிட்டால், ஜெயித்திருந்தாலும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அப்படியே அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில், நீங்கள் உட்கார வைத்தவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரும் ஆடத் தெரிந்தவர்தான்.